மழைக்கு முன் விறகு: பிளப்பது, காயவைப்பது, புகையில்லாமல் எரிப்பது

ஐப்பசி அடைமழையில் அடுப்பு புகைந்தால் எல்லோரும் அடுப்பைத்தான் திட்டுவார்கள். வாய் சின்னதாகிவிட்டது, எதிர்காற்று அடிக்கிறது, ஊதி ஊதியே கண் போய்விட்டது என்பார்கள். பெரும்பாலும் அடுப்பு என்ன செய்யும் பாவம். மாசியில் பிளந்து போட்டிருக்க வேண்டிய விறகை ஆவணியில் பிளந்ததால் வந்த வினை அது. தமிழ்நாட்டில் விறகு காயக் கிடைக்கும் நல்ல வெயில் பங்குனியிலிருந்து ஆனி வரைதான். அந்த நான்கு மாதத்தைத் தவறவிட்டால் பிறகு எந்த அடுப்பாலும் ஈடுகட்ட முடியாது. அதனால் இந்த வழிகாட்டி தீக்குச்சியில் தொடங்கவில்லை, கோடாலியில் தொடங்குகிறது.

ஈரம் என்ன கெடுதல் செய்கிறது

வெட்டிய அன்று பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். சவுக்கு, கருவேல் போன்ற வைரம் பாய்ந்த மரங்களில் கொஞ்சம் குறையும். முருங்கை, இலவு போன்றவற்றில் பாதியைத் தாண்டும். 1 கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். பாதி ஈரமுள்ள 1 கிலோ விறகு தரக்கூடிய வெப்பம் சுமார் 1,900 கிலோகலோரி. அதே கட்டையை 20 சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் எடை 625 கிராமாகக் குறையும், ஆனால் அது தருவது சுமார் 2,100 கிலோகலோரி.

வித்தியாசம் 10 சதவீதம்தானே, இதற்கா இவ்வளவு பாடு என்று தோன்றலாம். உண்மையான நஷ்டம் இந்தக் கணக்கில் வராது. விறகு கட்டையாக எரிவதில்லை. 200 டிகிரியைத் தாண்டிச் சூடேறும்போது அது வாயுவாக மாறுகிறது, அந்த வாயுதான் சுடராக எரிகிறது. காய்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி வாயுவாகப் போகும், மிச்சம்தான் கரி. அந்த வாயு முழுதாகப் பற்றி எரிய 600 டிகிரி அளவுக்கு வெப்பமும் போதிய காற்றும் வேண்டும். ஈர விறகில் நீர் கொதித்துத் தீரும்வரை கட்டை 100 டிகிரியிலேயே நின்றுவிடும், சுற்றியுள்ள தீயையும் அது குளிரவைக்கும். வாயு கிளம்பும், பற்றாது. பற்றாமல் போகும் அந்த வாயுதான் நம் கண்ணைக் கரிக்கும் புகை. பானையில் கரிப்பிடியாக, சுவரில் தாராக, சமைப்பவரின் நெஞ்சில் இருமலாகப் படிவதெல்லாம் எரியாமல் போன விறகுதான்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வீட்டுக்குள் உண்டாகும் இந்தப் புகையால் 2020-ல் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள். அடுப்பின் முன் அதிக நேரம் இருப்பவர்கள் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் குழந்தைகளும். விறகைக் காயவைப்பது சிக்கனத்துக்கு மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எந்த மரம்

தென்மாவட்டங்களில் கேட்கவே வேண்டாம், சீமைக்கருவேல்தான். வேலிக்கருவை, வேலிக்காத்தான் என்று ஊருக்கொரு பெயர். கெட்டியான மரம், நின்று எரியும், நல்ல கங்கு கொடுக்கும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போடுவதும் இதை வைத்துத்தான். அரைகுறையாகக் காய்ந்தாலும் பற்றும் என்பதால் பலர் பச்சையாகவே வைத்துவிடுகிறார்கள், அந்தப் புகை கண்ணை எரித்துவிடும். இதன் முள் குத்தினால் வீங்கிச் சீழ் பிடிக்கும், செருப்பையும் துளைக்கும். பிளப்பதற்கு முன்பே அரிவாளால் முள் கிளைகளைக் கழித்துத் தனியாகக் குவித்துவிடுங்கள். இன்னொன்று: மேலே வெட்டினால் இது நாலாகத் துளிர்க்கும். தூரோடு தோண்டி எடுத்தால் நிலமும் மீளும், தூர்க்கட்டையும் கிடைக்கும். வெந்நீர் அடுப்புக்குத் தூர்க்கட்டைபோல நின்று எரிவது வேறில்லை.

கடலூர், விழுப்புரம் கடலோரத்தில் சவுக்கு. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்துக் கடற்கரையில் ரயில் எஞ்சினுக்கு எரிபொருளாகவே இதை நட்டார்கள் என்றால் அதன் சூட்டைப் புரிந்துகொள்ளலாம். நேரான நார், பச்சையாக இருக்கும்போது ஒரே அடியில் இரண்டாகும். காய்ந்துவிட்டால் கோடாலியையே திருப்பி அனுப்பும்.

புளி நல்ல சூடு தரும், ஆனால் நார் பின்னிக்கிடக்கும், பிளப்பது கடினம். தைலமரமும் முறுக்கிய நார்தான், வெட்டிய ஒரு வாரத்துக்குள் பிளந்துவிட வேண்டும். மா, பூவரசு, வாகை எல்லாம் நடுத்தரம், அன்றாடச் சமையலுக்குப் போதும். முருங்கை, கல்யாண முருங்கை, இலவு மூன்றும் தூக்கிவந்த கூலிக்குக்கூடத் தேறாது. வேப்பம்புகை சோற்றில் கசப்பு வாடை ஏற்றும், அதை வெளியில் உள்ள வெந்நீர் அடுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தென்னை இருக்கிற வீட்டில் பாதி விறகு மரம் வெட்டாமலே கிடைக்கும். மட்டை, பாளை, கொட்டாங்குச்சி, பன்னாடை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு, கொட்டாங்குச்சியும் பன்னாடையும் பற்றவைக்கும்போது வரும். பனையில் மட்டையையும் ஓலையையும் மட்டும் எடுங்கள். மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே அரசு அறிவித்தது.

எரிக்கவே கூடாதவையும் இருக்கின்றன. அரளிக்குப் புகையிலும் நஞ்சு, அதன் குச்சியால் அடுப்பைக் கிளறவும் கூடாது. கழிமுகப் பக்கம் வளரும் தில்லை மரத்தின் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும். சேராங்கொட்டை மரம் பட்டாலே தோல் புண்ணாகும். பிளைவுட், பெயின்ட் அடித்த பழைய கதவுச் சட்டம், மருந்து ஏற்றிய பேக்கிங் பலகை இவையெல்லாம் இலவசமாகக் கிடைத்தாலும் சமையல் அடுப்புப் பக்கம் வரக்கூடாது. அவற்றில் உள்ள பசையும் சாயமும் எரிந்து சோற்றிலும் மூச்சிலும் கலக்கும்.

வெட்டும் காலமும் துண்டின் நீளமும்

தை கடைசியிலிருந்து மாசி முடிய வெட்டிப் பிளந்துவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், முன்னால் முழுக் கோடையும் இருக்கும்.

முதலில் துண்டு போட வேண்டும். மண் அடுப்புக்கு ஒன்றரை அடி நீளம் சரி. இரண்டு அடியைத் தாண்டினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி கனம் தாங்காமல் சரியும், நெருப்பும் தரைக்கு வந்துவிடும். கதவு வைத்த இரும்பு அடுப்பு என்றால் உள் நீளத்தை அளந்து அதில் 2 அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். நீளம் குறையக் குறைய விறகு சீக்கிரம் காயும். நீர் பட்டை வழியாக வெளியேறுவதைவிட வெட்டுமுனை வழியாகப் பல மடங்கு வேகமாக வெளியேறும். பட்டை என்பது மரம் தன் நீரைக் காத்துக்கொள்ளப் போட்டிருக்கும் போர்வை. அதனால்தான் முழு உருட்டுக்கட்டையை ஒரு வருடம் போட்டு வைத்தாலும் நடுவில் ஈரம் அப்படியே இருக்கும். காயவைத்துப் பிறகு பிளக்கலாம் என்று ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள். பிளந்துதான் காயவைக்க வேண்டும்.

பிளப்பது

மரம் வெட்டும் கோடாலியும் விறகு பிளக்கும் கோடாலியும் ஒன்றல்ல. வெட்டுவது மெல்லிய வாய், நாரை அறுக்கும். பிளப்பதற்குத் தலை கனமாக, ஆப்புபோலப் பருத்து இருக்க வேண்டும், தலை மட்டும் 2 முதல் 2½ கிலோ. மெல்லிய வாய்க் கோடாலி கட்டைக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும், அதை ஆட்டிப் பிடுங்குவதிலேயே காம்பு உடையும். கூடவே இரண்டு இரும்பு ஆப்பும் ஒரு 4 கிலோ சம்மட்டியும் வேண்டும். ஆப்பு ஒன்று போதாது. ஒன்று கட்டைக்குள் மாட்டிக்கொண்டால் அதை விடுவிக்க இன்னொன்றுதான் கைகொடுக்கும்.

வேலை தொடங்கும் முன் காம்பைப் பாருங்கள். கோடையில் காம்பு சுருங்கித் தலை ஆடும். தலை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்துக் காம்பின் அடியைக் கட்டையில் நான்கு தட்டுத் தட்டினால் தலை இறுகும், பிறகு தலைப்பக்கம் ஒரு சின்ன ஆப்பு அடியுங்கள். இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகும் என்பார்கள். மறுநாள் காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும், அந்த வேலை வேண்டாம்.

அடிக்கட்டை முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். கல்தரையில் நேரடியாக வைத்துப் பிளந்தால் ஓர் அடி தவறினாலும் வாய் போய்விடும், பொறியும் தெறிக்கும். பழைய டயர் ஒன்றை அடிக்கட்டைமேல் போட்டு அதற்குள் துண்டை நிறுத்துங்கள். பிளந்த சில்லு நாலாபக்கமும் ஓடாது, ஒவ்வோர் அடிக்கும் குனிந்து எடுத்து நிறுத்தவும் வேண்டாம். தலைக்குமேல் துணி காயப்போடும் கொடி இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். ஓங்கிய கோடாலி கொடியில் சிக்கித் திரும்பினால் தலைக்குத்தான் வரும். மூடிய செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, குழந்தைகள் 15 அடிக்கு அப்பால்.

இப்போது கட்டையின் முகத்தைக் கவனியுங்கள். நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மயிரிழை வெடிப்பு ஒன்றிரண்டு கண்ணுக்குத் தெரியும். மரம் எங்கே பிளக்க விரும்புகிறது என்று அதுவே காட்டுகிறது. கோடாலியின் வாய் அந்தக் கோட்டின்மேல் விழ வேண்டும். கணு இருக்கும் முனை கீழே, கணு இல்லாத முனை மேலே இருக்கும்படி நிறுத்துங்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நின்று, ஒரு கை தலைக்கருகே, ஒரு கை காம்பின் அடியில் வைத்து ஓங்குங்கள். இறங்கும்போது மேல்கை வழுக்கிக் கீழ்கையோடு சேரட்டும். கடைசி நொடியில் முழங்காலை மடக்கினால் வாய் கட்டையில் செங்குத்தாக இறங்கும். மடக்காமல் நின்றால் கோடாலி வளைந்து உங்கள் காலை நோக்கி வரும், கணுக்காலில் வெட்டு விழுவது இப்படித்தான். பலத்தைவிடக் குறி முக்கியம். ஒரே இடத்தில் இரண்டு அடி விழுந்தால் போதும், மூன்றாவது தேவைப்படாது.

ஓர் அடிக்குமேல் பருமனான கட்டையை நடுவில் தாக்காதீர்கள். விளிம்பிலிருந்து 2 அங்குலம் உள்ளே அடித்து, பட்டைப் பக்கமாகச் சிராய் சிராயாகச் சுற்றிலும் கழற்றிக்கொண்டே வாருங்கள். நடுத்துண்டு கடைசியில் தானாகச் சிறுத்துவிடும். புளிக்கட்டையில் நார் பின்னிக்கொண்டு விடாமல் இழுத்தால் வெடிப்பில் ஆப்பை வைத்து மெல்லத் தட்டி நிறுத்தி, பிறகு சம்மட்டியால் அடியுங்கள். இரண்டு அடிக்கு ஒருமுறை நிறுத்திக் காது கொடுங்கள். உள்ளே நார் விடுவது டிக் டிக் என்று கேட்கும். கேட்டால் கொஞ்சம் பொறுங்கள், மரம் தானே விட்டுக்கொடுக்கும். ஆப்பின் தலை அடிபட்டு நாய்க்குடைபோல விரிந்தால் அரத்தால் தேய்த்துவிடுங்கள், அந்த விளிம்பு தெறித்தால் துப்பாக்கிக் குண்டுபோலப் பாயும். நாலு ஆப்புக்கும் மசியாத கணுக்கட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம். அப்படியே ஓரமாக வையுங்கள், பொங்கலுக்கு வாசலில் வைக்கும் அடுப்புக்கு ஆகும்.

மூன்று பருமனில் பிரித்து வையுங்கள்: விரல் பருமன் சுள்ளி, 2 அங்குலச் சிராய், 3 முதல் 4 அங்குலக் கட்டை. சமையலுக்குச் சிராய்தான் அதிகம் வேண்டும். எல்லாவற்றையும் பெரிய கட்டையாகவே விட்டுவிட்டு, சமைக்கும்போது தீ பற்றவில்லையே என்று தவிப்பதை ஊர் ஊராகப் பார்க்கலாம்.

அடுக்குவது

குவியலாகக் கொட்டிய விறகு காயாது, மேல்வரிசை காய்ந்து அடிவரிசை மக்கும். தரையிலிருந்து அரை அடி உயரத்துக்கு ஹாலோபிளாக் கல்லோ செங்கல்லோ வைத்து, அதன்மேல் இரண்டு நீளக் கம்பு போட்டு அடுக்குங்கள். மண்ணைத் தொட்ட விறகு கரையானுக்குத்தான். இரு முனையிலும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கித் தூண்போல எழுப்பினால் நடுவில் நேராக அடுக்கியது சரியாது. உயரம் 4 அடிக்குமேல் வேண்டாம். வரிசைகளுக்கு நடுவே ஒரு சாண், சுவருக்கும் அடுக்குக்கும் ஓர் அடி இடைவெளி.

விறகைக் காயவைப்பதில் வெயிலுக்குப் பாதிப் பங்கு, காற்றுக்குப் பாதிப் பங்கு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் விறகின் ஈரம் எம்மாத்திரம். அந்தக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருகிறது. வெட்டுமுனைகள் அந்தத் திசையைப் பார்க்கும்படி அடுக்கினால் காற்று நாருக்குள் புகுந்து போகும். மேலே மட்டும் தகரமோ பனையோலையோ போடுங்கள், பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். தார்ப்பாயால் நாலு பக்கமும் போர்த்திக் கட்டுவதுதான் நல்ல எண்ணத்தோடு செய்யும் பெரிய தவறு. பகலில் உள்ளே கிளம்பும் ஆவி இரவில் தார்ப்பாயின் உட்புறம் நீராகத் திரண்டு மறுபடி விறகிலேயே சொட்டும். பத்து நாளில் பூசணம் பூத்துவிடும்.

கோடையில் சுள்ளி 2 முதல் 3 வாரம், சிராய் 2 முதல் 3 மாதம், புளி, கருவேல் பெருங்கட்டை 5 முதல் 6 மாதம் பிடிக்கும். உள்மாவட்டக் கோடையில் விறகின் ஈரம் 10 சதவீதத்தை ஒட்டி இறங்கும். கடலோரத்தில் காற்றே ஈரமானது, 14 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது கடினம். அதுவே போதும்.

விறகிலிருந்து மாவுபோல மஞ்சள் தூள் கொட்டினால் வண்டு துளைக்கிறது. அதைத் தனியே எடுத்து முதலில் எரித்துவிடுங்கள், வீட்டு உத்தரத்துக்கு ஏறிவிடும். அடுக்கிலிருந்து எடுக்கும்போது முதலில் ஒரு குச்சியால் தட்டி, பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். நடுவில் கைவிட்டு உருவுவது தேளுக்கும் கட்டுவிரியனுக்கும் கை கொடுப்பதுதான். இருட்டியபின் டார்ச் இல்லாமல் பக்கத்தில் போகவே வேண்டாம்.

காய்ந்ததா என்று தெரிந்துகொள்ள

முனையில் நட்சத்திரம்போல வெடிப்பு, நிறம் மங்கல், பட்டை உரிதல் எல்லாம் பழைய அடையாளங்கள். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது டங்கென்று ஒலிக்கும், ஈரமானது தொப்பென்று விழும். ஆனால் மேல் காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் கட்டை இந்தச் சோதனைகளை எல்லாம் ஏமாற்றும்.

எடை ஏமாற்றாது. பிளந்த அன்றே மூன்று துண்டை எடுத்து ஆணியால் 1, 2, 3 என்று கீறி, தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, அடுக்கின் நடுவில் செருகுங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். 2 கிலோ இருந்த துண்டு 45 சதவீத ஈரமுள்ளது என்றால் அதில் மரம் 1 கிலோ 100 கிராம்தான். அது 15 சதவீதத்துக்கு வரும்போது சுமார் 1 கிலோ 300 கிராம் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு வாரம் எடை மாறவில்லை என்றால் காய்ந்துவிட்டது. ஈரமானி வைத்திருப்பவர்கள் கட்டையின் வெளியே குத்திப் பார்க்காமல், அப்போதுதான் பிளந்த உள்முகத்தின் நடுவில் குத்துங்கள். 20-க்குக் கீழே காட்டினால் அடுப்புக்குத் தயார்.

மழைக்கு எவ்வளவு சேர்ப்பது

சாதாரண ஒரு வாரத்தில் எவ்வளவு எரிகிறது என்று எடை போட்டுப் பாருங்கள், அதுதான் சரியான கணக்கு. நாளைக்கு 5 கிலோ என்றால் புரட்டாசிக் கடைசி முதல் மார்கழி நடு வரை 80 நாளுக்கு 400 கிலோ. 1 மீட்டர் நீளம், அகலம், உயரமுள்ள அடுக்கில் காய்ந்த கெட்டி விறகு 400 முதல் 450 கிலோ பிடிக்கும். ஆக, அந்த அளவு ஓர் அடுக்கு கூரைக்குள் வந்துவிட வேண்டும்.

அடுப்புக்கு மேலே பரண் கட்டி விறகு வைத்தார்களே, அதைவிடச் சிறந்த ஏற்பாடு மழைக்காலத்துக்கு இல்லை. நாளை எரிக்கப்போகும் விறகு இன்றைய அடுப்பின் சூட்டில் காயும். பரண் அடுப்பிலிருந்து 5 அடியாவது உயரத்தில், சுடர் நேராகத் தாக்காதபடி சற்றுத் தள்ளி இருக்கட்டும். தரையில் வைப்பதானால் அடுப்பிலிருந்து 3 அடி விலக்கி வையுங்கள்.

அடுப்பு

மண் அடுப்பில் பார்க்க வேண்டியவை இரண்டே. பானையைத் தாங்கும் மூன்று குமிழ்களின் உயரம் ஒன்று. பானைக்கும் அடுப்பு விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் பருமன், அதாவது 1 முதல் 1½ செ.மீ. இருந்தால் தீ பானையை உரசிக்கொண்டு வெளியேறும். அதைவிடக் குறைந்தால் மூச்சடைத்துப் புகையும், கூடினால் சூடு பானையில் படாமல் பக்கவாட்டில் போய்விடும். இன்னொன்று அடியில் காற்று. விறகு சாம்பலில் படுத்துக்கிடந்தால் எரியாது. வாயில் குறுக்காக இரண்டு இரும்புக் கம்பி போட்டு அதன்மேல் விறகை வையுங்கள், கீழே 2 அங்குலம் காற்று ஓடட்டும். இந்தச் சின்ன மாற்றத்துக்கே புகை கண்கூடாகக் குறையும். பெரிய அடுப்பின் தீ பக்கவாட்டில் ஓடிவரும் துணை அடுப்பான கொடியடுப்பு உள்ள இடத்தில் அதன்மேல் எப்போதும் ஒரு பாத்திரம் இருக்கட்டும், இல்லாவிட்டால் தீ அந்தப் பக்கம் வீணாக ஓடும்.

புகைபோக்கி வைத்த அடுப்பில் குழாய் கூரைக்கு மேல் 2 அடியாவது எழும்ப வேண்டும். கீற்றுக்கூரை என்றால் குழாய் கூரையைக் கடக்கும் இடத்தைச் சுற்றித் தகரமும் மண்ணும் வைத்துப் பிரியுங்கள். மாதம் ஒருமுறை, கம்பியில் சாக்குத்துணி சுற்றி மேலிருந்து இழுத்துக் கரியை எடுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் விறகு நன்றாகக் காய்ந்தது. பிசுபிசுவென்று தாராக ஒட்டினால் ஈர விறகு எரிக்கிறீர்கள். அந்தத் தார் ஒருநாள் குழாய்க்குள்ளேயே தீப்பற்றும்.

பற்றவைப்பது

1. பழைய சாம்பலை அள்ளிவிட்டு, அடியில் அரை அங்குலம் மட்டும் விடுங்கள். அது சூட்டைக் காக்கும்.

2. ஒரு பன்னாடையைக் கசக்கிப் பந்தாக்கி உள்ளே வையுங்கள். தென்னை மரத்தில் வலைபோல இருக்கும் அந்தப் பன்னாடை ஒரே தீக்குச்சியில் பற்றும். இல்லையென்றால் தேங்காய் நார், காய்ந்த பனையோலை.

3. அதன்மேல் சுள்ளி ஏழெட்டு, ஒன்றோடொன்று ஒட்டாமல் சாய்த்து வையுங்கள். நடுவில் ஒரு கொட்டாங்குச்சி.

4. புகைபோக்கி இருந்தால் முதலில் ஓர் ஓலையைக் கொளுத்திக் குழாயின் வாயருகே பிடியுங்கள். குளிர்ந்த குழாயில் காற்று கீழ்நோக்கி இறங்கும். அது சூடேறித் திரும்பாமல் அடுப்பை மூட்டினால் வீடெல்லாம் புகை.

5. கீழிருந்து பற்றவையுங்கள். சுள்ளி சடசடவென்று பிடித்ததும் சிராய் இரண்டு, பின் மூன்றாவது.

6. பானையை உடனே ஏற்றாதீர்கள். குளிர்ந்த அடியில் பட்டால் இளம் தீ அணைந்து கரியாகப் படியும். சுடர் குமிழ்வரை எழும்பியபின் ஏற்றுங்கள்.

மண்ணெண்ணெய், பால் பாக்கெட், சைக்கிள் டியூப் எதுவும் வேண்டாம். காய்ந்த விறகுக்கு அவை தேவையில்லை, ஈர விறகை அவை காப்பாற்றவும் முடியாது. அந்த விஷப்புகை மட்டும் மிஞ்சும்.

எரியும்போது

ஒற்றைக் கட்டை தனியாக எரியாது. இரண்டு கட்டை முகத்தோடு முகம் பார்த்து இருந்தால் ஒன்றின் சூடு மற்றதைக் காக்கும். நடுவே ஒரு விரல் இடைவெளி, அந்தச் சந்தில்தான் தீ பிறக்கிறது. மூன்று சிராய் நல்ல அளவு. வாய் நிறையத் திணித்தால் காற்று நின்று எல்லாம் புகையும். நுனி மட்டும் எரியட்டும், எரிய எரிய உள்ளே தள்ளிக்கொடுங்கள்.

ஊதுகுழலைச் சுடரை நோக்கி ஊதினால் சுடர் அணையும். கங்கின் அடியில் வைத்து, நீளமாக, மெதுவாக ஊதுங்கள். ஊதிவிட்டு மூச்சை இழுக்கும்போது குழலை வாயிலிருந்து எடுத்துவிடுங்கள், புகையைக் குழல் வழியே உறிஞ்சிக்கொள்ளக் கூடாது.

விறகின் வெளிமுனையில் நுரை கட்டிச் சீறுகிறதா பாருங்கள். உள்ளே கொதிக்கும் நீர் நார் வழியாக ஓடிவந்து அங்கே குமிழ்விடுகிறது. அந்தக் கட்டையை இழுத்து அடுப்போரம் சாய்த்துவிட்டு வேறொன்று வையுங்கள். அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் ஈரம் அல்லது சூடு போதவில்லை, சுள்ளி இரண்டைச் செருகுங்கள். கறுப்புப் புகை காற்றுப் பற்றாக்குறை, ஒரு கட்டையை வெளியே இழுங்கள். காய்ந்த விறகு மளமளவென்று எரிந்து தீர்ந்துவிடுகிறது என்றால் எல்லாம் சுள்ளியாக இருக்கிறது, ஒரு பெருங்கட்டையைச் சேருங்கள்.

உலை கொதிக்கும்வரை மூன்று சிராயும் முழுச் சுடரில் இருக்கட்டும். அரிசி போட்டு மீண்டும் கொதி வந்ததும் இரண்டை வெளியே இழுத்துவிடலாம். கொதிக்கும் தண்ணீரை எவ்வளவு எரித்தாலும் அது 100 டிகிரிக்குமேல் ஏறாது, கூடுதல் விறகு ஆவியாகத்தான் போகும். மூடிபோட்டு ஒரு சிராயில் வேகவிடுங்கள். பருப்புக்கும் குழம்புக்கும் கடைசிக் கால்மணி நேரம் தணலே போதும்.

அணைப்பதும் சாம்பலும்

சமையல் முடிந்ததும் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான மண் அடுப்பு வெடிக்கும், சாம்பல் முகத்தில் பறக்கும், மிச்ச விறகும் நனையும். கொள்ளிகளை இழுத்து, நுனியைத் தரையில் தட்டிக் கங்கை உதிர்த்துவிட்டு, மணல் நிறைத்த சட்டியில் நுனியைப் புதைத்து வையுங்கள். கங்கை இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு மூடினால் காற்றில்லாமல் அணைந்து கரியாகும், இஸ்திரிப் பெட்டிக்கு உதவும்.

குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று தணல் சட்டியை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்குவது உயிரைக் குடிக்கும். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று உணரும்போதே எழுந்து கதவைத் திறக்கும் தெம்பு போயிருக்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் இதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள், விருந்தாளிக்கும் சொல்லுங்கள்.

மேலே ஆறியதுபோலத் தெரியும் சாம்பலுக்குள் மறுநாளும் கங்கு உயிரோடு இருக்கும். வைக்கோல் போர், மாட்டுக்கொட்டகைப் பக்கம் கொட்டாமல் இரண்டு நாள் தகரத்தில் வைத்து, கையால் தொட்டுப் பார்த்துப் பிறகு கொட்டுங்கள். சலித்த சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் உண்டு, தென்னைக்கும் வாழைக்கும் தூருக்கு இரண்டு கை போடலாம். உவர் பிடித்த களர் நிலத்தில் மட்டும் போட வேண்டாம், அது காரத்தை இன்னும் கூட்டிவிடும்.